காலமானார் என்று போன செய்தி

கணினித் திரையில் சோதனைகள் எல்லாம் தேறியதாகப் பச்சை நிறத்தில் வந்ததும் கோகிலா நிம்மதியாக டீ போட எழுந்தாள். வாசலூர்பட்டியில், கணவன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தபடி, மலைமேல் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மென்பொருளை அவள் கவனித்து வந்தாள். அதைச் சோதிக்கும் கருவியை அன்று காலைதான் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தாள்.

மதிய பஸ்ஸில் நாத்தனார் ராதிகா வந்து இறங்கினாள். மலையடிவாரத்துக் காரவள்ளியில் கட்டிக்கொடுத்த பெண். தலை அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த தாய் பெருமாயியைக் கண்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன கண்ணு, என்னாச்சு?” என்றாள் பெருமாயி.

ராதிகா கையிலிருந்த போனை நீட்டினாள். கோகிலா வாங்கிப் படித்தாள். ‘தங்கள் தாயார் சிகிச்சை பலனின்றிக் காலமானார்.’ கீழே ஆஸ்பத்திரியின் பெயர். போன வாரம் மூச்சிரைப்புக்காகப் பெருமாயி அங்கே போய் வந்திருந்தாள். மலையில் அன்று செல்போன் டவர் வேலை செய்யவில்லை; கோகிலாவின் கேபிள் இணையம் மட்டும் ஓடியது. யாரிடமும் கேட்க முடியாமல், உடலை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்து, ராதிகா வழியெல்லாம் அழுதபடி மலையேறி வந்திருக்கிறாள்.

அந்த வாசகம் கோகிலா எழுதியது. முன்பு சோதனை எழுதியபோது, மனப்பாடமாகத் தெரிந்த ராதிகாவின் எண்ணை அதில் போட்டிருந்தாள். செய்தி வெளியே போகாது என்ற தைரியம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒரு ஆயத்தப் பகுதி ஓடும். நிஜமாகச் செய்தி அனுப்பும் நிரலை எடுத்துவிட்டு, அனுப்பியதுபோல் நடிக்கும் பொம்மை ஒன்றை வைக்கும். முடிந்ததும் இன்னொரு பகுதி பழையபடி மாற்றி வைக்கும்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். புதிய பதிப்பில் அந்தப் பகுதிகளின் பெயர்கள் மாறியிருந்தன. பழைய பெயரில் இருந்ததைக் கருவி கூப்பிடவே இல்லை. குறை என்றும் சொல்லவில்லை. பொம்மை வரவே இல்லாததால் செய்தி நிஜமாகவே போய்விட்டது.

வெளியே வந்து உள்ளதைச் சொன்னாள்.

பெருமாயி மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நா செத்துட்டேன்னு நீதான் சொல்லி உட்டியா?”

“ஆமாங்க அத்தை.”

ராதிகா தாயின் கையைப் பிடித்தவள் விடவில்லை. கோகிலா பக்கம் திரும்பவுமில்லை.

கோகிலா ஆபீசுக்கு மெயிலில் எல்லாவற்றையும் தெரிவித்தாள். இரண்டு பகுதிகளையும் புதிய முறைக்கு மாற்றினாள். பொம்மை இல்லாவிட்டால் சோதனை முதல் அடியிலேயே நின்றுவிடும்படி செய்தாள். அப்போதுதான் அதே செய்தி போயிருந்த இன்னொரு எண் சோதனையில் கண்ணில் பட்டது. விரல் போன போக்கில் தட்டிய எண். அது யாருடையதாகவும் இருக்கலாம் என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சாயங்காலம் டவர் வந்ததும் கூப்பிட்டாள். அர்த்தனாரி என்ற ஒரு லாரி டிரைவர் எடுத்தார். அவள் திக்கித் திணறி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

“எங்கம்மா போயி ரொம்ப வருசமாச்சுங்க,” என்றார் அவர். “தப்பா வந்திருக்குதுன்னு தெரியும். ஆனாலும் அதப் படிச்சதும் வண்டிய ஓரங்கட்டிட்டு உக்காந்துட்டேனுங்க. அம்மா போனப்ப நா ஊருலயே இல்ல. எனக்கு யாருமே சொல்லலீங்க.”

கோகிலா போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.