தொலைவு என்றொரு கணினி

பிங் அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. அந்தக் கண் மருத்துவமனையின் நெட்வொர்க் அவள் பொறுப்பு. யார் என்ன புகாரோடு வந்தாலும் முதலில் பிங் அடித்துப் பார்ப்பாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பிங் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரு கணினியின் கதவைத் தட்டி "இருக்கியா?" என்று கேட்பது, "இருக்கேன்" என்ற பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பதாயிரம் நோயாளிகளின் விவரங்களுக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளையில் ஒரு மறுபிரதி இருக்கிறது, இங்கே தீப்பிடித்தாலும் அங்கிருந்து மீட்டுவிடலாம் என்று உறுதிமொழி. அந்த ஏற்பாட்டை இரண்டு வருடத்துக்கு முன் செய்தவர் அவளுடைய அத்தான், கூடப்பிறந்த அக்காவின் கணவர். துறைத் தலைவரும் அவர்தான், அவளை வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். பேனாவைத் திறந்தவள், பழக்கதோஷத்தில் அந்த மறுபிரதி இருக்கும் கணினிக்கு ஒரு பிங் அடித்தாள்.

அதற்கு நெட்வொர்க்கில் 'தொலைவு' என்று பெயர். பெயரெல்லாம் நம் வசதிக்குத்தான், கணினிகளுக்கு ஐபி முகவரி என்ற எண்தான் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் வேலை டிஎன்எஸ் என்ற ஏற்பாட்டினுடையது. அது தேடித் தந்தது, பதிலும் வந்தது. ஆன நேரம் 0.3 மில்லி விநாடி.

பிங் அக்கா பேனாவை மூடினாள். கிளைக்குப் போகும் கண்ணாடி இழைக்குள் ஒளியே ஒரு மில்லி விநாடியில் இருநூறு கிலோமீட்டர்தான் ஓடும். போய்த் திரும்ப அறுநூறு என்றால், தலைகீழாக நின்றாலும் மூன்று மில்லி விநாடிக்குக் குறையாது. ஒளியை முந்திக்கொண்டு ஒரு பதில் வந்திருக்கிறது! பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆவல்தான்.

பதிலில் டிடிஎல் என்ற எண்ணையும் பார்த்தாள். அந்தக் கணினியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு செய்தியும் அறுபத்துநான்கு என்ற எண்ணோடு கிளம்பும். வழியில் செய்திகளைத் திசைபார்த்து அனுப்பும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமாகிவிட்டால் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடும், இல்லையென்றால் வழிதவறியவை காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா? கிளைக்கு நடுவில் ஐந்தாறு ரவுட்டர்கள் உண்டு. வந்த பதிலிலோ அறுபத்துநான்கு அப்படியே முழுசாக இருந்தது. வாசற்படியைக்கூடத் தாண்டாத பதில்.

எந்தக் கணினி எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டிக்குத் தெரியும். பதினேழாவது துளை என்றது. சர்வர் அறைக்குப் போய், அதிலிருந்து இறங்கிய நீலக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நுழைந்தது. பெட்டிகளை நகர்த்தினால், கீழ்த்தட்டில் தூசி படிந்த ஒரு கணினி சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் 'தற்காலிகம்' என்று அத்தானின் கையெழுத்து. அசல் இருந்த அதே அறையில், இரண்டு எட்டு தள்ளி மறுபிரதி. தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அத்தானைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் மழுப்பவில்லை. கிளைக்குப் போகும் லைனின் வேகத்துக்கு முதல் பிரதி போய்ச் சேர ஒரு மாதம் ஆகுமாம். அதனால் கணினியை இங்கே கொண்டுவந்து, பிரதியை நிரப்பி, காரில் கொண்டுபோய் வைப்பதாகத் திட்டம். நிரப்பியாகிவிட்டது. கொண்டுபோகும் வாரம் அங்கே மராமத்து, அடுத்த வாரம் இங்கே ஏதோ அவசரம். பிறகு சொல்லக் கூச்சம், அதற்கும் பிறகு பயம்.

"ரெண்டு வருஷமா யாராவது கேப்பாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். ஒருத்தரும் கேக்கல," என்றார்.

அடுத்த வாரம் நிச்சயம் கொண்டுபோய்விடுவதாகவும், இன்றைக்கு மட்டும் கையெழுத்தைப் போட்டுவிடும்படியும் கேட்டார். தன் அக்காவின் முகம் அவள் கண்முன் வந்து போனது.

"உங்களுக்காக எதை வேணும்னாலும் செய்வேன் அத்தான். இதுல மட்டும் போட மாட்டேன். இதுல என் கண்ணு இல்ல, நாப்பதாயிரம் பேரோட கண்ணு இருக்கு."

படிவத்தில் 'மறுபிரதி வேறு ஊரில் உள்ளதா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். கையெழுத்துப் போடக் குனிந்தவளிடமிருந்து அத்தான் பேனாவை வாங்கிக்கொண்டார். பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை நிதானமாக எழுதி, கையெழுத்தும் போட்டார்.

"மேலிடத்துல நான் சொல்லிக்கறேன்," என்றார். "உங்க அக்காகிட்ட மட்டும் நீ சொல்லிடும்மா."