நோய் வந்த வழி: மூன்று வரிக்குள்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. அக்கா கேட்டது ஓர் அறிக்கை.

அக்கா மீன்களுக்கு டாக்டர். வளர்ப்புமீன் பண்ணைகளுக்குப் போய், நோய் வருவதற்கு முன்பே தடுப்பது அவள் வேலை. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது ஒரு படிவத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உனக்குத்தான் எழுத வருமே. ஒரு மூணு வரி எழுதிக் குடுடா.”

தொட்டி எண், மீன் வகை, செத்தவை எத்தனை, எல்லாம் நிரப்பியிருந்தாள். ஒரே ஒரு கட்டம் காலி: ‘நோய் வந்த வழி’. அதன் கீழே மூன்று கோடுகள்.

மூன்று வரியில் சொல்லத் தெரிந்தவன் எதற்குக் கதை எழுதப்போகிறான்?

2

முதல் தொடக்கம்: “நான்காம் தொட்டியின்மேல் காலைச் சூரியன் தங்கத்தை உருக்கி ஊற்றியதுபோல—”

பொய். அந்தப் பண்ணைக்குப் பச்சை நிழல்வலைக் கூரை. வெயில் உள்ளே வந்தால் பாசி பிடிக்கும். எனக்குத் தெரியும், அங்கே மூன்று மாதம் இரவு வேலை பார்த்தேன். காற்றுப் பம்பு நின்றுபோனால் முதலாளியை எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். பம்பு ஒருநாளும் நிற்கவில்லை. நான்தான் நின்றுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: “மீனுக்குக்கூட வைத்தியமா, ஊசியை எங்கே போடுவார்கள் என்று சிரிப்பவர்களுக்கு—”

சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.*

(* முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில் போடுவார்கள். ஆனால் அக்கா ஊசி போடுவது அபூர்வம். அவள் வேலையில் பாதி, மீனைத் தொடாமல் பார்ப்பது. மீதிப் பாதி, மற்றவர்களைத் தொடவிடாமல் பார்ப்பது.)

மூன்றாம் தொடக்கம்: நான்காம் தொட்டியில் இருபத்தாறு தாய்மீன்கள் இருந்தன. இப்போது பதினைந்து இருக்கின்றன.

இது போதும்.

3

பண்ணை முதலாளியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். மீன்களிடம் “வாங்க, சாப்பிடுங்க” என்பார். மனிதர்களிடம் “என்னய்யா, என்ன?” என்பார்.

அடுத்தவர் வாளி அண்ணன். பதினாறு தொட்டிகளையும் சுத்தம் செய்பவர், தீனி போடுபவர். கையில் வாளி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவிலும் ஒரு வாளி இருப்பதாகச் சொல்வார்கள். (இந்த வரி பொய்யாக இருக்கலாம். விட மனமில்லை.)

சுவரில் அக்கா எழுதி ஒட்டிய விதிகள்: புதிதாக வரும் மீன் மூன்று வாரம் தனித்தொட்டியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி நிறத்தில் வலை, தனி வாளி, தனிக் குழாய். தனித்தொட்டியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். பார்த்தபின் வேறு தொட்டிப் பக்கம் போகக் கூடாது. வாளி அண்ணனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் அந்தத் தாளை மனப்பாடமாகச் சொல்வார்.

அப்படியிருந்தும் நான்காம் தொட்டியில் வெண்புள்ளி வந்தது. மீனின் உடம்பில் உப்புத் தூவியதுபோல் இருக்கும். அது ஒட்டுண்ணி. உதிர்ந்து தரையில் ஒட்டி, ஒன்று நூறாகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும். ஈரத்தில் ஒரு சொட்டு போதும், வேறு தொட்டிக்குப் போய்விடும்.

முதலாளி வாளி அண்ணனைப் பார்த்தார்.

“வலைய மாத்திப் போட்டியாய்யா?”

“இல்லீங்க. நாலாம் தொட்டிக்கு நீல வலைங்க. நீலந்தாங்க எடுத்தேன்.”

“அப்போ நோய் என்ன, பஸ்ஸு புடிச்சா வந்துச்சு? டாக்டரம்மா அறிக்கை வரட்டும். அதுல உன் வலைன்னு இருந்துச்சு, திங்கக்கெழமையிலேர்ந்து வராதே.”

ஆக, மூன்று கோடுகளின்மேல் ஒரு மனிதரின் வேலை உட்கார்ந்திருந்தது.

4

“அப்போ வாளி அண்ணன் வலைய மாத்திட்டார்னு எழுதட்டுமா?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“எழுது.”

எழுதப் போனேன். அக்கா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

“எழுதாதே.”

“ஏன்?”

“என் கழுத்துல என்ன தொங்கும்?”

“ஸ்டெதஸ்கோப்பு.”

“மீனுக்கு எதுக்குடா ஸ்டெதஸ்கோப்பு, மடையா? தெர்மாமீட்டர்.”

நூல் கயிற்றில் கட்டிய கண்ணாடி வெப்பமானி. தண்ணீரின் சூடு பார்ப்பதற்கு. நோய் வருவதற்குச் சில நாள் முன்பு பண்ணைக்குப் போனதும் முதலாளி, “புதுசா வந்தவங்கள மொதல்ல பாருங்க டாக்டரம்மா, முகமே சரியில்ல” என்று தனித்தொட்டிக்கு அவசரமாக அழைத்துப் போயிருக்கிறார். அக்கா வெப்பமானியை விட்டுப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். கயிற்றைத் துடைக்கவில்லை. அங்கிருந்து நேராக நான்காம் தொட்டி. அங்கேயும் விட்டுப் பார்த்தாள்.

“சுவத்துல வலை போட்டிருக்கேன், வாளி போட்டிருக்கேன், குழாய் போட்டிருக்கேன். இத போடல.”

“ஏன் போடல?”

“அது என் பையில இருக்கற சாமான்டா. டாக்டர் சாமான்ல நோய் இருக்கும்னு எந்த டாக்டர் நெனப்பா?”

5

இங்கே எனக்கு அக்கா என்ற பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. நிஜத்தில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பது கதைக்கு உதவவில்லை. கதைக்குள் இருப்பவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் யார் நம்புவார்கள்? ஆனால் அவள் என்னிடம்தான் ஒப்புக்கொண்டாள். என்னிடம் சொல்வது சுவரிடம் சொல்வது மாதிரி. படிவத்தில் சொன்னால் இந்தப் பண்ணை கைவிட்டுப் போகும், பிறகு பேச்சு பரவி மற்றப் பண்ணைகளும் போகும்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். முதலாளி கண்கலங்குகிறார். தொட்டியில் மீன்கள் மகிழ்ச்சியில் துள்ளுகின்றன. (அக்கா கோடு போட்டு அடித்துவிட்டாள். “துள்ளுற மீனு நல்லா இருக்கற மீனு இல்லடா. செவுள் அரிக்குதுன்னு அர்த்தம்.”)

முடிவு ஆ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். முதலாளி அவளை அனுப்பிவிட்டு, பம்பு ரிப்பேர் செய்பவரையே மீன் டாக்டர் ஆக்குகிறார். அவர் எல்லா நோய்க்கும் ஃப்யூஸ் மாற்றுகிறார்—

சிரிப்பு வருகிறது, முடிவு வரவில்லை.

முடிவு இ: “எதிர்பாராத விதமாகத் தொற்று பரவியது.” யாரும் எதுவும் செய்யவில்லை. அதுவாகவே பரவியது, அதுவாகவே கொன்றது. அக்காவுக்கு இது பிடித்திருந்தது. இரண்டு முறை படித்தாள். பிறகு, “முதலாளி இதப் படிச்சிட்டு யாரைப் பார்ப்பாரு?” என்றாள். வாளி அண்ணனைத்தான் என்று இருவருக்கும் தெரியும்.

6

இந்தப் பகுதியை நான் திட்டமிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாளி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் வாளி இல்லை. அதனால் ஒரு நொடி யாரென்று தெரியவில்லை.

“தம்பி, அறிக்கை நீதான் எழுதறியாமே?”

“ஆமாண்ணே.”

“நான்தான்னே எழுதிடுப்பா.”

“நீங்க நீல வலைதானே எடுத்தீங்க?”

“அப்படித்தான் நெனச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல, தனித்தொட்டியோட பச்ச வலையோன்னு தோணுது. இப்பல்லாம் கண்ண மூடினா பச்சையாவே தெரியுது. நான்தான் பண்ணியிருப்பேன்.”

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து நின்றார்.

“டாக்டரம்மா, மிச்சம் பதினஞ்சும் பொழைச்சுக்கும்ல? அத மட்டும் சொல்லுங்க.”

“பொழைச்சுக்கும். உப்பு போட்டாச்சு, சூடு ஏத்தியாச்சு. தெனமும் அடித்தண்ணிய மட்டும் உறிஞ்சி எடுங்க.”

“எடுத்துட்டுதாங்க வரேன்” என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். போய்விட்டார்.

நல்ல எழுத்தாளன் இந்த இடத்தில் அக்காவின் முகத்தை வர்ணிப்பான். அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதுகில் எதுவும் தெரியவில்லை.

7

பிறகு, இதுவரை எழுதிய பக்கங்களைக் கேட்டு வாங்கினாள். நின்றபடியே படித்தாள்.

“தெர்மாமீட்டருக்குப் பதிலா என் கையில வேற ஏதாவது குடேன்.”

“வேற என்ன குடுக்கட்டும்?”

யோசித்தாள்.

“ஒண்ணும் இல்லையா?”

“இல்லக்கா.”

“மடையான்னு சொன்னத எடுத்திரு.”

“மாட்டேன்.”

செருப்பை மாட்டினாள். படிவத்தையும் என் பக்கங்களையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனாள். போகிற வழியில் எங்காவது உட்கார்ந்து நிரப்பிக்கொள்வதாகச் சொன்னாள்.

இப்போது அந்தப் பக்கங்கள் என்னிடம் இல்லை. நீங்கள் படித்தது நினைவிலிருந்து மறுபடி எழுதியது. இந்த ஏழாம் பகுதி மட்டும் புதிது. அவள் இன்னும் திரும்பவில்லை. திரும்பினாலும் நான் கேட்கப்போவதில்லை.

அவள் கையில் இருந்த அத்தனை வரிகளும் இப்போது உங்கள் கையிலும் இருக்கின்றன. படிவத்தில் மூன்றுக்குத்தான் இடம். எந்த மூன்று என்று நீங்கள் சொல்லுங்கள்.