மூத்தாருக்குத் தெரிந்த ஆழம்

எங்கள் ஊரைத் தோண்டி நிலக்கரி எடுத்த குழியில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கரி தீர்ந்ததும் கம்பெனிக்காரர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனார்கள்; ஊற்றும் மழையும் நிரப்பிவிட்டன. ராம்கட் பக்கத்தில் இப்படி நிறையக் குழிகள் உண்டு. எங்கள் குழியில் கூண்டு வலை கட்டி மீன் வளர்க்கிறோம், பதினோரு பெண்கள். தலைவி நான், ஏத்வாரி. வாய் நீளம் என்பதால்தான் தலைவியாக்கினார்கள்.

இந்தக் கோடையில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் நாலு கூண்டின் அடிவலையும் தரை தட்டிச் சுருண்டு கிடக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. எட்டு மாத உழைப்பு. உடனே ஆழத்துக்கு இழுக்க வேண்டும். ஆழம் எங்கே? குளம் என்று நினைத்து நட்டநடுவில் கட்டியிருந்தோம், புத்திசாலிகள்!

தெரிந்தவர் ஒருவர்தான், என் கணவரின் அண்ணன், மூத்தார் சோம்ரா. பறிபோன நிலத்துக்குப் பதிலாகக் கிடைத்த வேலையில் இருபது வருடம் இந்தக் குழியில் லாரி ஓட்டியவர். சொந்த ஊரையே வாரிக்கொண்டு போனவன் என்று ஊர் ஏசியதில், குழிக்கரைப் பக்கமே வருவதில்லை.

ஆனால் எங்களில் தம்பி மனைவி மூத்தாரோடு பேசக்கூடாது, தொடக்கூடாது. எதுவானாலும் இடையில் அவர் மனைவி, என் ஓரகத்தி புத்னி வேண்டும். அவளோ தாய்வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். என் கணவருக்குக் கேரளாவில் கட்டட வேலை. வீட்டுக்கு ஓடி, முக்காட்டை இழுத்துவிட்டு, முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னேன்.

"ஏ ஆடே, மீனெல்லாம் மூச்சு முட்டிச் சாகுது. ஆழம் எங்கன்னு உள்ள இருக்குறவங்களக் கேட்டுச் சொல்லு."

உள்ளே மூத்தாரின் இருமல். "ஆடே, நடுவுல கட்டுனா அப்படித்தான் ஆகும். அது லாரி ஏறிவர்ற மேட்டுப் பாதை. அன்னைக்கே சொல்லணும்னுதான் இருந்தேன். யார்கிட்டச் சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது! கேட்காமல் இருந்த என்மேலும்தான் கோபம். முக்காட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய் நின்றேன்.

"ஆட்டுக்கு நீச்சல் தெரியாது. நீங்களே வாங்க."

வந்தார். தெப்பத்தில் ஏறும்போது கால் வழுக்கியது. சட்டென்று கையைப் பிடித்துவிட்டேன். கரையில் பெண்கள் "ஐயையோ!" என்றார்கள்.

"மீன் சாகுறதுக்கு ஐயையோ சொல்லுங்கடி! கயித்தை இழுங்க!"

மூத்தார் கரையிலிருந்த இலுப்பை மரத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்தார். "இங்க திரும்புவேன்... இன்னும் கீழ... இன்னும்... நிறுத்து."

கல் கட்டிய கயிற்றை விட்டேன். முழுக் கயிறும் உள்ளே போயிற்று, தரை தட்டவில்லை.

இழுத்து முடிக்கச் சாயங்காலமானது. ஒரு கூண்டு மீன் செத்தே போனது. மற்ற மூன்றிலும் மீன்கள் மெல்ல மெல்ல ஆழத்துக்கு இறங்கின.

"எப்படி அவ்வளவு உறுதியா நிறுத்தச் சொன்னீங்க?"

"நல்ல கரி இங்கதான் கெடச்சுது, ரொம்ப ஆழம் போச்சு. நம்ம வீட்டுக்கு நேர் கீழ. கடைசி லோடும் நான்தான் ஏத்திட்டுப் போனேன்."

அழுதார். அந்த வீட்டுக்குத்தான் நான் மருமகளாக வந்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சற்று நேரம் கழித்துத் தீவன வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நம்ம வீட்டுக்கு வந்ததுங்களைப் பட்டினி போடலாமா? எடுத்துப் போடுங்க."