ஆண்கள் ஏன் கூட்டக் குறிப்பு எழுதுவதில்லை

பாஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் லோர்னா டட்டில் பதினோரு ஆண்டுகளாகப் பாடம் நடத்திவந்தாள். அதே பதினோரு ஆண்டுகளாகத் துறைக் கூட்டங்களில் குறிப்பும் எழுதிவந்தாள். பாடம் நடத்த அவளைத் தேர்ந்தெடுத்தது நேர்முகக் குழு. குறிப்பெழுதத் தேர்ந்தெடுத்தது, துறைத்தலைவர் கார்வர் ப்ரெஸ்காட்டின் கணக்குப்படி, பரிணாமம்.

ப்ரெஸ்காட் எழுதிய புத்தகம் விமான நிலையக் கடைகளில் விற்கும். மனிதன் இன்று செய்வதற்கெல்லாம் காரணம் அன்று ஆப்பிரிக்கப் புல்வெளியில் நடந்தது என்பது அதன் சாரம். ஃப்ரிட்ஜில் இருக்கும் வெண்ணெய் கணவன் கண்ணில் படாது, ஏனென்றால் வேட்டைக்காரன் கண் தொலைவில் பார்த்தே பழகியது. மனைவியால் செருப்புக்கடையைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அவள் பழம் பொறுக்கியவளின் வாரிசு. லோர்னா சேர்ந்த முதல் வாரமே, “எந்தப் புதர்ல எந்தப் பழம்னு நினைவு வெச்சிருந்தது பெண்கள்தான். நீ எழுதினா ஒண்ணும் விட்டுப்போகாது, லோர்னா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புதிதாய் வந்தவள், அவளும் சிரித்துவைத்தாள்.

ஆண்டுதோறும் மார்ச்சில் அங்கே ஒரு கேலிப் போட்டி நடக்கும். மேடையேறுகிறவர் ஏதாவது ஒரு மனித நடத்தைக்குப் பரிணாமக் காரணம் இட்டுக்கட்ட வேண்டும். பச்சைப் பொய்யாக இருக்கலாம், ஆனால் படமும் புள்ளிவிவரமுமாக அறிவியல் மாதிரியே இருக்கவேண்டும். நடுவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். பேசுகிறவர் சிரித்துவிட்டால் மதிப்பெண் போச்சு. அந்த ஆண்டு நடுவர்களில் ஒருவர் ப்ரெஸ்காட். லோர்னா பெயர் கொடுத்திருப்பதைப் பார்த்து, “நம்ம துறை மானத்தைக் காப்பாத்து” என்று உற்சாகமாகவே சொன்னார்.

அரங்கு நிரம்பியிருந்தது. லோர்னா சாவு வீட்டுக்குப் போகிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“வேட்டை முடிஞ்சு எல்லாரும் குகைக்கு வராங்க. ‘தனியாளா நின்னு காட்டெருமையைக் கொன்னேன்’னு தலைவன் சொல்றான். மூலையில ஒருத்தன் சுவத்துல கீறி வெச்சிருக்கான்: ‘எருமை முன்னாடியே செத்துக் கிடந்தது. தலைவர் மரத்து மேல இருந்தார்.’ அவன் என்ன ஆயிருப்பான்? குழந்தை பெத்துக்க நேரம் இருந்திருக்காது. இப்படியே லட்சம் வருஷம். குறிப்பெழுதுற ஆம்பளைங்க வம்சமே அத்துப்போச்சு.”

திரையில் ஒரு வரைபடம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு துறைக் கூட்டங்களில் ஆண்கள் பேனாவைத் தொட்டது மூன்று முறை. “ரெண்டு தடவை படகு வரைஞ்சாங்க. ஒரு தடவை காது குடைஞ்சாங்க.” மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த துறை ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ப்ரெஸ்காட் மைக்கை இழுத்தார். “இடைக்கால மடங்கள்ல உக்காந்து புத்தகம் புத்தகமா எழுதினவங்க ஆண்கள்தானே, டாக்டர் டட்டில்?”

“துறவிங்க, ப்ரொபசர். வாரிசே கிடையாது. இதைவிட நல்ல சான்று எனக்கு எங்க கிடைக்கும்?”

“நூறு வருஷம் முன்னாடி கோர்ட்டுல சுருக்கெழுத்து எழுதினவங்க?”

“அவங்க படத்தைப் பாருங்க, பெரிய பெரிய மீசை வெச்சு மூஞ்சிய மறைச்சிருப்பாங்க. யார் எழுதினாங்கன்னு ஆள் அடையாளம் தெரியக்கூடாதுல்ல.”

அரங்கு அடங்க நேரமாயிற்று. ப்ரெஸ்காட்டுக்குக் கழுத்து சிவந்திருந்தது. “எதைக் காட்டினாலும் உனக்குச் சாதகமா வளைச்சுடறே. எதைக் காட்டினாத்தான் தப்புன்னு ஒத்துப்பே?” டாக்டர் டட்டில் போய் ‘நீ’ வந்திருந்தது.

“எதைக் காட்டினாலும் ஒத்துக்க மாட்டேன். உங்க புத்தகத்துல நாலாவது அத்தியாயத்துல கத்துக்கிட்டது.”

“அது வேற. என்னோடதுக்குச் சான்று இருக்கு.”

பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு நடுவர், எறும்பு ஆராய்ச்சி செய்யும் ஹெட்டி லண்ட்கிரன், மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். “என்ன சான்று, கார்வர்? எறும்போட ஒரே ஒரு பழக்கம் பரம்பரையா வருதுன்னு காட்ட எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?”

“லோர்னாவே சான்று. பதினோரு வருஷத்துல ஒரு வரி விட்டதில்ல. அந்த நினைவாற்றல்...”

“நினைவிருந்தா நான் எதுக்கு எழுதறேன்?” என்றாள் லோர்னா.

அது அவள் தயாரித்துக் கொண்டுவந்த வரி அல்ல. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இத்தனை ஆண்டில் ஒரு நாளாவது இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று காது சூடாகியது. கூட்டம் கைதட்டியது அவள் காதில் சரியாக விழவில்லை.

பரிசு அவளுக்குத்தான். வாசலில் ஒருவர் வழிமறித்துக் கைகுலுக்கினார். “ரொம்பத் தெளிவா சொன்னீங்க. நான் எழுதாதது என் தப்பில்லன்னு இப்பதான் வீட்டுக்காரிகிட்ட போன்ல சொன்னேன். இதைப் பத்திப் புத்தகம் ஏதாவது இருக்கா?” விளையாடுகிறாரா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். இல்லை. பேனா எடுத்து, புத்தகம் கிடைக்கும் கடையின் முகவரி வேறு கேட்டார். ப்ரெஸ்காட் புத்தகம் ஏன் அப்படி விற்கிறது என்று ரயிலில் போகும்போது அவளுக்குப் புரிந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே போயிற்று.

செவ்வாய்க்கிழமை துறைக் கூட்டம். லோர்னா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ப்ரெஸ்காட் அவளைப் பார்க்காமல், போன மாதம் சேர்ந்த டெஸ்ஸாவிடம் திரும்பினார். “டெஸ்ஸா, நீ கொஞ்சம்...”

“பேனா இல்ல” என்றாள் டெஸ்ஸா. அவள் சட்டைப்பையில் இரண்டு பேனா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு பெண்களிடமும் பேனா இல்லை. ஆண்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ப்ரெஸ்காட்டே எழுதினார்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பு எல்லோர் கைக்கும் வந்தது. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு மொத்தம் நான்கு வரிகள். நான்கும் ப்ரெஸ்காட் சொன்னவை. டெஸ்ஸா கொண்டுவந்து எல்லோரும் ஒப்புக்கொண்ட திட்டம்கூட அவர் பெயரில்தான் இருந்தது. அதில் அவர் பொய் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான் போலும்.

லோர்னா தாளை இரண்டு முறை படித்துவிட்டு, ப்ரெஸ்காட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

“குறிப்புல திருத்தம் இருக்கு. வரிசையா சொல்றேன், எழுதிக்கறீங்களா?”