லெனோர் விட்கமின் வலது கன்னம்

ஹாலிவுட்டில் பன்னிரண்டு வருடம் நடிகை லெனோர் விட்கமுக்கு விளக்குப் போட்டவன் நான். அத்தனை காலமும் அவளுடைய வலது கன்னத்தை உலகம் பார்த்ததில்லை. இடது பக்கம் மட்டும்தான் படத்தில் தெரிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதற்காகக் கதவுகளை இடம் மாற்றினோம், மாடிப்படியைத் திருப்பி வைத்தோம், நிலாவையே ஏழு தடவை பெயர்த்து மாட்டினோம்.

அப்புறம் வந்து சேர்ந்தது வில்லங்கம். புதுக் கதாநாயகன் டெஸ்மண்ட் குரோய். அவனுக்கும் இடது கன்னம்தான் ராசியாம். அவன் ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தது. இருவரும் இடது கன்னத்தையே காட்டினால் முகத்துக்கு முகம் பார்ப்பது எப்படி? முத்தக் காட்சியில் டிராமுக்கு வரிசையில் நிற்பவர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். "உன் கண்களில் என்னைக் காண்கிறேன்" என்று அவன் அவளுடைய கொண்டையிடம் உருகினான்.

காலையில் இயக்குநர் ஹட்சுக்குத் தலை நிறைய முடி இருந்தது. மத்தியானம் தொப்பி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"யோவ் டெஸ்மண்ட், கொஞ்சம் திரும்பித் தொலையேன்யா!"

"என்னை ஏன் சார் சொல்றீங்க? அந்தம்மாவைத் திரும்பச் சொல்லுங்க. வயசுல பெரியவங்க, விட்டுக் குடுக்கட்டுமே."

"யாருடா பெரியவங்க?" என்றாள் லெனோர், அப்போதும் திரும்பாமல்.

அவள் பயம் எங்களுக்குத் தெரியும். மறுநாள் வெள்ளிக்கிழமை. இந்த முத்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டூடியோ முதலாளி அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார். முப்பத்தெட்டு வயதில் வெளியே போனால் எங்கள் ஊரில் கதாநாயகனின் அம்மா வேடம்தான்.

இடைவேளையில் என்னிடம் வந்தாள். "கஸ், உண்மையச் சொல்லு. என் வலது பக்கத்துல அப்படி என்னதான் குறை? கண்ணாடியில தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒண்ணும் அகப்படலையே!"

இத்தனை வருடம் மறைத்து வைத்த விஷயம். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"குறை ஒண்ணும் இல்ல மேடம். உங்க முதல் நாள் ஷூட்டிங்ல வலது பக்க விளக்கை நான் கீழ போட்டு உடைச்சிட்டேன். வேலை போயிடுமேன்னு, இடது பக்கம்தான் உங்களுக்கு எடுப்புன்னு அளந்துவிட்டேன்."

"அடப்பாவி! பன்னெண்டு வருஷமாக் கழுத்துச் சுளுக்குக்கு எண்ணெய் தேய்ச்சுட்டிருக்கேன்டா!"

செருப்பு பறந்தது. நான் குனிந்தேன், ஹட்சின் தொப்பி கழன்றது. "இந்தக் கோபம் ஆறுறதுக்குள்ள கேமராவை ஓட்டுங்கடா!" என்று அவர் கத்தினார்.

அதே ஆத்திரத்தில் அவள் திரும்பி டெஸ்மண்டின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். முழு வெளிச்சத்தில் வலது கன்னம். கொடுத்தாள் ஒரு முத்தம்! அவன் முழங்கால் நடுங்கியது பயத்தில். காதலின் நடுக்கம் என்று பத்திரிகைகள் பிற்பாடு எழுதின.

வெள்ளிக்கிழமை முதலாளி அந்தக் காட்சியை ஒன்பது தடவை பார்த்துவிட்டு ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவளும் போட்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு: இனிமேல் வலது பக்கம் மட்டும்தான்.

திங்கட்கிழமை மாடிப்படியை மறுபடி திருப்பினோம். நிலாவை நான் ஒருவனே தூக்கி மாட்ட வேண்டும் என்பது அவள் உத்தரவு.