டெலியாவின் புதுத் தாடை

என் தங்கை டெலியாவின் கீழ்த்தாடை எலும்பை டாக்டர் முழுசாக வெட்டி எடுத்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. தீக்குச்சித் தொழிற்சாலையில் பாஸ்பரஸ் குழம்பில் குச்சி முக்கும் வேலை. அந்தப் புகை தாடையை அழுக வைக்கும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அயர்லாந்தில் பட்டினி கிடந்து நியூயார்க்குக்குக் கப்பலேறிய கூட்டம் நாங்கள். தெரிந்தேதான் அந்த வேலைக்குப் போனோம். நான் ஜன்னலோரம் டப்பாவில் குச்சி அடுக்குகிறவள், தப்பித்தேன்.

"எலும்பு மேல இருந்த சவ்வை விட்டு வச்சிருக்கேன். சின்ன வயசு, வளர்ந்தாலும் வளரும்," என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. முகம் பையாகத் தொங்கியது. பாலைக் கரண்டியால் ஊட்டினேன், பாதி கழுத்தில் வழிந்தது. அம்மா பல்வலிக்காரர்களின் புனிதவதியான அப்போலோனியாவின் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியபடியே இருந்தாள்.

வளர்ந்துவிட்டது. பனிக்காலம் முடிவதற்குள் தோலுக்கடியில் எலும்பு கெட்டியாகத் தட்டுப்பட்டது. பல் மட்டும் இல்லை. மாடி வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து அவள் மோவாயைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். டாக்டர் தன் மாணவர்களுக்கு அவளைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

புதுத் தாடையால் டெலியா தெளிவாகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "நான் அங்க திரும்பிப் போக மாட்டேம்மா."

"அழுகினது பழைய எலும்புடி. இது புனிதவதி குடுத்தது, விஷம் தொடுமா? நம்பாம வீட்ல உக்காந்தா, குடுத்தவ திருப்பி எடுத்துக்குவா," என்றாள் அம்மா.

தொழிற்சாலை மேஸ்திரி பர்ட் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டான். "சொத்தைப் பல்லு வழியாத்தான் புகை உள்ள போவும். இவளுக்குக் கீழ பல்லே கிடையாது. இவளாட்டம் பத்திரமான ஆளு யாரு கிடைப்பா?"

"அப்ப உங்க பல்லையும் புடுங்கிட்டு நீங்களே வந்து முக்குங்க," என்றேன். அம்மா என்னை அதட்டி உள்ளே அனுப்பினாள்.

டெலியா போனாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

இலையுதிர்காலத்தில் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்த முறை மேல்பக்கம். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். டாக்டர் ஈறை அழுத்தியதும் சீழ் வந்தது.

"இதுவும் வளந்துரும் இல்லிங்களா?" என்று கேட்டேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கீழ்த்தாடைதாம்மா வளரும். மேல்தாடை போனா போனதுதான்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் எழுந்து படத்தருகே போனாள். "ஒரு தடவை குடுத்தவ மறு தடவை குடுக்க மாட்டாளா?" என்று சொல்லிக்கொண்டே எங்கள் தொழிற்சாலைக் குச்சி ஒன்றைச் சுவரில் உரசினாள்.

"அணைச்சிடும்மா. அந்த வாடை வேணாம்," என்றாள் டெலியா.

தெளிவாகத்தான் சொன்னாள். அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.