இரும்பு எப்போது சிவந்தது?

சோமசேகரம் செய்த முதலாவது உளி கண்ணாடித் துண்டுபோல முறிந்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதின் முனை நெருப்பிலேயே பொரிந்து உதிர்ந்தது. ஆறாவதும் முறிந்த அன்று, இனி என்ன செய்வதென்று தெரியாமல், சுத்தியலைக் கையில் வைத்தபடி உலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

மலாயாவில் ஒரு காணிக் கந்தோரில் இருபத்தாறு வருஷம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு, 1936ஆம் ஆண்டு பென்சனுடன் சொந்த ஊரான உடுவிலுக்குத் திரும்பியவர் அவர். மற்றப் பென்சன்காரர்கள் கப்பலில் கட்டிலும் கண்ணாடி அலுமாரியும் கொண்டுவந்தார்கள். அவர் கொண்டுவந்தது ஒரு பட்டடைக்கல், இரண்டு குறடு, மூன்று சுத்தியல். றப்பர்த் தோட்டத்து எஞ்சினியர் ஒருவர் சீமைக்குப் போகும்போது ஏலத்தில் விட்ட சாமான்கள். கந்தோர் மேசையில் கழிந்த காலமெல்லாம் கையால் ஏதாவது செய்யவேண்டும் என்றிருந்த ஆசை அவருக்கு. பின்வளவில் கொட்டில் போட்டு, துருத்தி பூட்டி, சிரட்டைக்கரி மூட்டினார். அயலார் சிரித்தது அவர் காதிலும் விழுந்தது.

அடிப்பதில் அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை. லொறியின் பழைய வில்லுத் தகட்டை வெட்டி, உருண்டைத் தலைச் சுத்தியலால் நீட்டி, தட்டைத் தலையால் சமன்செய்து, பார்வைக்கு நல்ல உளியாகவே கொண்டுவந்துவிடுவார். சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து உரமேற்றும்போதுதான் எல்லாம் பிழைத்தது. அவரிடமிருந்த ஆங்கிலப் புத்தகம், செரிப் பழம்போலச் சிவந்ததும் தண்ணீரில் தோய்க்கச் சொன்னது. செரிப் பழத்தை அவர் கண்டதில்லை. குழப்பம் அந்தப் பழத்தில்தான் இருக்கவேண்டும் என்று எண்ணி, சந்தியில் பட்டறை வைத்திருந்த கொல்லர் ஏரம்புவிடம் போனார்.

ஏரம்பு முறிந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடி நல்ல அடி ஐயா. சூடுதான் மிஞ்சிப்போச்சு. செவ்வரத்தம்பூ நிறம் வந்தவுடனை எடுத்துத் தோயுங்கோ. பேந்து முனையைச் செங்கல்லாலை உரஞ்சிப்போட்டு, மெல்லச் சூடுகாட்டிப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ. முதல் வைக்கல் நிறம் ஓடும், பிறகு நாவற்பழ நிறம். நாவற்பழத்திலை திரும்பத் தோய்ச்சால் உளி நிண்டுபிடிக்கும்.”

சோமசேகரம் வீட்டுக்கு வந்து, வேலியோரம் நின்ற செவ்வரத்தையில் ஒரு பூப் பறித்து உலைப் பக்கத்தில் வைத்தார். பூவையும் இரும்பையும் மாறிமாறிப் பார்த்தார். ஏழாவது உளியும் முறிந்தது.

எட்டாவதை நெருப்பில் வைத்திருந்தபோது, அவர் மனைவி பராசக்தி சாப்பிடக் கூப்பிட வந்தாள்.

“இஞ்சாருங்கோ, உந்த இரும்பை ஏன் இன்னும் நெருப்பிலை வைச்சிருக்கிறியள்? சிவந்து கனநேரமாச்சே.”

“எப்ப சிவந்தது?”

“நான் கிணத்தடியிலையிருந்து வரேக்கையே.”

அவர் குனிந்து பார்த்தார். இரும்பு அப்போதுதான் கருமை கலைந்து மங்கலாகத் தெளியத் தொடங்கியிருந்தது. பராசக்தி விளையாட்டுக்குச் சொல்லுகிறவள் அல்ல. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் ஏரம்புவை அழைத்துவந்தார். கந்தோர்ப் பழக்கம் விடவில்லை. சாட்சி இரண்டையும் தனித்தனியாக எடுக்க விரும்பினார். கொட்டிலின் நடுவில் தென்னோலைக் கிடுகு ஒன்றை மறைப்பாக நிறுத்தி, ஒரு பக்கம் ஏரம்புவையும் மறுபக்கம் பராசக்தியையும் நிற்கவைத்தார். இருவர் கையிலும் ஒவ்வொரு கல். இரும்பு சிவந்ததும், வாய் திறக்காமல் கல்லைத் தன் பக்கத்துத் தூணில் தட்டவேண்டும்.

இரண்டு கல்லும் ஒன்றாகத் தட்டின. அவர் பார்த்தார். இரும்பு கறுப்பாக இருந்தது. ஐந்து முறை சூடாக்கினார். ஐந்து முறையும் கற்கள் ஒன்றாகத் தட்டின. ஐந்து முறையும் இரும்பு கறுப்பாகவே இருந்தது.

ஏரம்பு கல்லை வைத்துவிட்டு, முற்றத்தில் கிடந்த மிளகாய்க் கடகத்தைக் கொண்டுவந்தார்.

“கோவியாதேங்கோ ஐயா. இதிலை பழுத்ததை மட்டும் காட்டுங்கோ பாப்பம். தொடாமல்.”

சோமசேகரம் இருபது மிளகாய் காட்டினார். ஒன்பது பச்சை.

“எங்கடை பகுதியிலையும் ஒராள் இருந்தவர்,” என்றார் ஏரம்பு மெதுவாக. “பிறவியிலையே சிவப்புத் தெரியாது. அவரை உலையிலை விடுறேல்லை. சம்மட்டி அடிக்கத்தான் விட்டவை. நல்லா அடிப்பார்.”

அன்று சோமசேகரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு சங்கதியை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“எங்கடை கலியாணத்திலை நீர் உடுத்த கூறை என்ன நிறம்?” என்று மனைவியைக் கேட்டார்.

“சிவப்பு.”

“அப்ப நான் பாத்தது என்ன?”

பராசக்தி யோசித்தாள். சோற்றை இன்னொரு அகப்பை போட்டாள்.

பிறகு வேறொரு பயம் பிடித்தது. காணிப் படங்களில் சிவப்பு எல்லையும் பச்சை எல்லையும் இருந்தன. இருபத்தாறு வருஷத்தில் யாருடைய காணியை யாருக்கு எழுதிவைத்தாரோ. அதே கந்தோரில் படம் வரைந்தவரும், இப்போது கொழும்புத்துறையில் இருப்பவருமான தியாகராசாவுக்குக் கடிதம் எழுதினார். நாலாம் நாள் பதில் வந்தது.

‘ஒரு பிழையும் நடக்கவில்லை. நீர் வந்த முதல் வருஷமே எங்களுக்கு இது தெரியும். நிறம் தீட்டிய படங்களை உமது மேசைக்கு விடாமல் நாங்களே பார்த்துக்கொண்டோம். உமக்கு இது தெரியாது என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.’

சோமசேகரம் அதை நான்கு தரம் வாசித்தார். நன்றி சொல்வதா வெட்கப்படுவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். போகிற வழியில் பராசக்தியையும் கூப்பிட்டார்.

“எனக்கு அடுப்பிலை உலை கொதிக்குது,” என்றாள் அவள். ஆனாலும் வந்தாள்.

அவர் துருத்தி ஊதினார். அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

“இப்ப.”

கறுப்பாகத் தெரிந்த இரும்பை எடுத்துத் தண்ணீரில் தோய்த்தார். மனம் ஒப்பவில்லை, கை செய்தது. செங்கல்லால் உரைத்து மீண்டும் சூடுகாட்டினார்.

“வைக்கல் நிறம் வந்திட்டுது. பொறுங்கோ… மண்ணிறம்… நாவல். தோயுங்கோ.”

பின்னேரம் ஏரம்பு வந்து, அந்த உளியை ஒரு தடித்த இரும்புப் பட்டையில் வைத்து ஓங்கி அடித்தார். பட்டை வெட்டுப்பட்டது. உளியின் முனை அப்படியே இருந்தது.

“இதை வேலைக்கு எடுக்கலாம் ஐயா,” என்றார்.

சோமசேகரம் முனையை விரலால் தடவினார். சந்தோஷம்தான். ஆனால் உளியைச் செய்தது தான்தானா என்ற கேள்வியும் கூடவே நின்றது.

அதற்குப் பிறகு ஒரு சுத்தியல் தலை செய்யத் தொடங்கினார். பராசக்தி வேலைகளை முடித்துவிட்டு வந்து நிற்பாள். ஒருநாள் அவள் “இப்ப” என்றதும், குறட்டைப் பிடித்தபடியே அவர் கேட்டார்:

“இப்ப உமக்கு என்ன தெரியுது? சிவப்பெண்டால் எப்பிடியிருக்கும்?”

“அதைப் பேந்து சொல்லுறன். முதல் இரும்பை எடுங்கோ, சூடு மிஞ்சப்போகுது.”

அவர் எடுத்தார்.